அகரவரிசையும் கணினிச் சோதனையும்

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளிவந்த காலத்து, சொற்களின் வரிசையைக் காத்தவர் புலவர். இக்காலத்தோ அப்பணி கணினியின்பாற் பட்டது. கணினி வரிசை பிறழ வைக்குமாயின், அகராதியில் உள்ள சொல்லும் தேடுவார்க்கு இல்லாத சொல்லேயாம். ஆதலின் அதன் வேலையைச் சோதிக்கும் முறையைத் தமிழ் கற்பாரும் அறிதல் நன்று.

யூனிக்ஸ் மரபுக் கணினிகளில் நம் கட்டளைகளை ஏற்று நிறைவேற்றும் பகுதி ஷெல் எனப்படும். கட்டளைகளை ஒரு கோப்பில் நிரல்பட எழுதிவைப்பின் அது ஷெல் ஸ்கிரிப்ட் ஆகும். சொற்களை வரிசைப்படுத்தும் கட்டளை ‘சார்ட்’. இரு கோப்புகளை ஒப்புநோக்கும் கட்டளை ‘டிஃப்’. கோப்புகள் ஒத்திருப்பின் டிஃப் 0 என்னும் எண்ணையும், வேறுபடின் 1 என்னும் எண்ணையும் ஸ்கிரிப்டுக்கு உணர்த்தும். ஆகவே ஒருவர் அருகிருந்து நோக்காமலே வெற்றியும் தோல்வியும் விளங்கும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. நம் தருமபுரி மாவட்டத்து 7 வட்டங்களின் பெயர்களையும் முறைமாற்றிக் கொடுத்து, எழுத்தெண்களையே நோக்கும் ‘சி’ என்னும் அமைப்பில் சார்ட் கட்டளையை ஏவுவோமாக. அரூர், காரிமங்கலம், தருமபுரி, நல்லம்பள்ளி, பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு, பென்னாகரம் எனப் பிழையற்ற விடை வரும். இதுகொண்டு அக்கட்டளை தமிழ் முறையை அறியும் எனத் துணியலாமோ? ஆகாது. ‘மரம்’, ‘மனம்’ என்னும் இரு சொற்களைக் கொடுப்பின் ‘மனம்’ முன்னே நிற்கும். ‘பக்கம்’, ‘பகல்’ என்பவற்றுள் ‘பகல்’ முந்தும். இரண்டும் அகராதி மரபுக்கு மாறானவை.

காரணம் யாதெனின், யூனிக்கோடு எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னும் வைக்கப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கிலோ னகரம் மெய்களின் இறுதியது. புள்ளி பெற்ற மெய் உயிர்மெய்க்கு முற்பட்டது. வட்டப் பெயர்களின் முறையை நிறுவும் எழுத்துக்களோ இரு வரிசையிலும் ஒரே முறையில் நிற்பன. எனவே அச்சோதனை இப்பிழையைக் காட்ட வல்லதன்று. தோற்க இயலாத சோதனை சோதனையாகாது.

இதனின்று பெறப்படும் விதிகள் வருமாறு:

1. ஒரு சோதனை ஓர் இலக்கண விதியையே ஆராய்க. அவ்விதியே கோப்பின் பெயராகுக.

2. ஒவ்வொன்றுக்கும் உள்ளீட்டுக் கோப்பும் விடைக் கோப்பும் தனித்தனி அமைக. விடையை இலக்கணம் நோக்கி நாமே எழுதுக. கணினி தந்ததையே விடையாக வைத்தல், வழக்காளியையே சாட்சியாக்குவதை ஒக்கும்.

3. கணினிதோறும் வரிசையமைப்பு வேறுபடலாம். அதனை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே நிலைப்படுத்துக.

4. எல்லாச் சோதனைகளையும் ஒரே ஸ்கிரிப்ட் ஓட்டுக. ஒன்று தோற்பினும் நில்லாது ஏனையவற்றையும் முடித்து, தோற்றவற்றின் பெயர்களை ஈற்றில் தருக.

5. புதிய பிழை காணுந்தோறும் ஒரு சோதனை சேர்க்க. திருந்தியபின் அதனை நீக்கற்க. பிழை மீள வருதலும் உண்டு.

விதி எழுதுவோர்க்குக் கணினியறிவு மட்டும் போதாது; மரபறிவும் வேண்டும். ‘பக்கம்’ முன்னோ, ‘பகல்’ முன்னோ என்பதை ஸ்கிரிப்ட் தானே அறியாது. அதனைச் சொல்லவேண்டியவர் தமிழ் மாணாக்கராகிய நாமே.