தாறுமாறாகத் துடிக்கும் முதிய இதயங்கள்: புதிய மருந்தாளுநருக்கு முழுமையான வழிகாட்டி

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் கோளாறு. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. அதைத் தடுக்கும் ‘பிளட் தின்னர்’ மாத்திரையோ அளவு மிஞ்சினால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். டாக்டர்தான் சீட்டு எழுதிவிட்டாரே என்று இருந்துவிடாதீர்கள். சீட்டில் இல்லாத மாத்திரைதான் பல நேரம் ஆளைப் படுக்கவைக்கிறது. அது முதலில் தெரியவருவது நம் கவுன்ட்டரில்தான்.

படி 1: பையோடு வரச் சொல்லுங்கள்

வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயர்களில் இருக்கிறதா என்று பாருங்கள். என்றோ தொடங்கிய ஆஸ்பிரின் இன்னும் ஓடுகிறதா? அது இப்போதும் தேவைதானா என்று இதய மருத்துவரைக் கேளுங்கள்.

“வேற ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?” என்றால் “ஒண்ணுமில்லப்பா” என்றுதான் பதில் வரும். “முட்டி வலிச்சா என்ன போடுவீங்க?” என்று கேளுங்கள். முந்தானை முடிச்சிலிருந்து டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ வெளியே வரும். பிளட் தின்னரோடு இவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

படி 2: சிறுநீரகக் கணக்கு

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான்: சிறுநீரகம் மந்தமானால் சில பிளட் தின்னர்கள் உடம்பில் தேங்கும். லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.2 என்றிருந்தால் பரவாயில்லை என்றே தோன்றும். 82 வயது, 48 கிலோ எடையுள்ள பாட்டிக்குக் காக்கிராஃப்ட்–கால்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 140-லிருந்து வயதைக் கழித்தால் 58. அதை எடையால் பெருக்கி, 72 × 1.2 ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 27 மி.லி. வருகிறது.

இந்த எண் 50-க்குக் கீழே இறங்கினால் பிளட் தின்னரான ரிவராக்ஸாபான் 20 மி.கி. இல்லை, 15. இன்னொரு பிளட் தின்னரான அபிக்ஸாபானுக்கு விதி வேறு: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். இவற்றில் இரண்டு பொருந்தினால் 5 மி.கி.க்குப் பதில் 2.5, தினம் இரண்டு வேளை. வயதானவர் என்ற பயத்தில் காரணமில்லாமல் அளவைக் குறைப்பதும் தவறுதான். பக்கவாதம் வர வழிவிட்டதாகிவிடும்.

படி 3: வால்வைப் பற்றிக் கேளுங்கள்

செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும், மைட்ரல் வால்வு மிதமாகவோ அதற்கு மேலோ சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால்தான். நம் ஊரில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் ஏராளம். 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் அவர்களுக்கு ரிவராக்ஸாபானைவிடப் பழைய மருந்தே மேலாக இருந்தது.

இந்தப் பழைய மருந்துகளைச் சாப்பிடுவோருக்கு, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பெரும்பாலும் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். வால்வைப் பொறுத்து டாக்டர் கூட்டலாம். கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லாதீர்கள். வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் ஐ.என்.ஆர். எகிறும், டாக்டருக்குச் சொல்லுங்கள்.

படி 4: விழுங்கும் விதம்

ரிவராக்ஸாபான் சாப்பாட்டோடு. டாபிகாட்ரான் என்ற பிளட் தின்னர் கேப்ஸ்யூலைப் பிரிக்கவோ மெல்லவோ கூடாது. ஈரம் பட்டால் கெடும், அதனால் மாத்திரை டப்பாவுக்கு மாற்றாமல் அதன் உறையிலேயே இருக்கட்டும். மறந்த வேளைக்காக இரட்டை மாத்திரை வேண்டாம்.

படி 5: டிஜாக்ஸின்

இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் இந்த மருந்தைச் சனி, ஞாயிறு விட்டுவிட்டுப் போடும் வழக்கம் இங்கே உண்டு. டாக்டர் எழுதியது எந்தெந்த நாள் என்று அட்டையிலேயே குறித்துக் கொடுங்கள். பசியில்லை, குமட்டல், பார்வையில் மஞ்சள் என்று வந்தால் கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள், மருந்து உடம்பில் ஏறியிருக்கலாம். கிளாரித்ரோமைசினோ அமியோடரோனோ புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: டாக்டருக்கு போன்

அளவை நாமே மாற்றக்கூடாது. நிறுத்தச் சொல்லவும் கூடாது. வயது, எடை, கிரியாட்டினின், கணக்கில் வந்த எண், சந்தேகம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரு நிமிடத்தில் வேலை முடியும். வாய் கோணினாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலோ, பார்க்க நன்றாகவே இருந்தாலும் போனுக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், பிளட் தின்னரைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.