திம்புக்துவின் மண்சுவர்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில், நைஜர் ஆற்றுக்குச் சற்று வடக்கே அமைந்த தொன்னகர் திம்புக்து. 2012-ஆம் ஆண்டுப் போரில் இடிக்கப்பட்ட அந்நகரின் வரலாற்றுச் சின்னங்கள் எவ்வாறு மீண்டும் எழுந்தன, எவர் கைகளால் எழுந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணில் எழுந்த மாநகர்

பொன்னும் உப்பும் ஏற்றிவந்த ஒட்டகச் சாத்துகள் கூடிய வணிகத்தலம் திம்புக்து. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அது மார்க்கக் கல்வியின் பெருநிலையமாகவும் சிறந்து விளங்கிற்று. ஹஜ் கடமையை நிறைவேற்றித் திரும்பிய மாலிப் பேரரசர் மன்சா மூசா ஜிங்கரேபர் பள்ளிவாசலை எழுப்பினார். 1327-ஆம் ஆண்டு என்பர். சங்கோரே, சீதி யஹ்யா பள்ளிவாசல்களும் புகழ்மிக்கவை. 333 இறைநேசர்களின் நகர் என்ற சிறப்புப் பெயரும் இதற்கு உண்டு. மூன்று பள்ளிவாசல்களையும் 16 அடக்கத்தலங்களையும் யுனெஸ்கோ நிறுவனம் 1988-இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது.

இவை அனைத்தும் பெரும்பாலும் மண்ணாலானவை என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். ஒரு மழைக்காலம் போதும், பூச்சு கரைந்தோடிவிடும். ஆகவே கொத்தனார்கள் முன்னின்று வழிநடத்த, ஊர்மக்கள் திரண்டு மண் குழைப்பர். இளைஞர் கூடை கூடையாகச் சுமப்பர். சுவர் புத்துயிர் பெறும். பள்ளிவாசல் சுவர்களிலிருந்து முட்களைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகளை அழகுக்கென்றே வைத்தனர் எனக் கருதுவோர் உளர். பழுதுபார்ப்போர் ஏறி நிற்பதற்கான நிலையான சாரமும் அவையே! பின்னாளில் பழுது வரும் என்பதைக் கட்டும்போதே எண்ணிக் கட்டியிருக்கின்றனர். கொத்துவேலையோ தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வழிவழியாக வருவது.

2012-இல் நேர்ந்தது

அவ்வாண்டு வடமாலியை ஆயுதக் குழுக்கள் கைப்பற்றின. ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு அடக்கத்தலங்களைத் தகர்த்தன. உலக மரபுப் பட்டியலிலிருந்த 16-இல் 14 தரைமட்டமாயின. 2013 ஜனவரியில் நகரை விட்டகன்றபோது அஹ்மத் பாபா நிலையத்திலிருந்த ஏறத்தாழ 4,000 சுவடிகளும் தீக்கிரையாயின. ஏனைய சுவடிகளுள் மிகப் பலவற்றை நகர மக்களே உயிரைப் பணயம் வைத்து முன்னரே வெளியேற்றியிருந்தனர். அது தனிக் கட்டுரைக்குரிய வரலாறு.

ஈண்டு ஒன்று கூறியாக வேண்டும். அடக்கத்தலங்களின்மேல் கட்டடம் எழுப்புவது குறித்தும் ஜியாரத் குறித்தும் நம்மிடையேயும் கருத்து வேற்றுமை உண்டு. அதனை ஆலிம்கள் நூலாதாரங்களுடன் ஆராயட்டும். இக்கட்டுரை அதற்குள் புகவில்லை. ஒரு சமுதாயத்தின் முன்னோர் துயிலுமிடத்தை, அச்சமுதாயத்தின் ஒப்புதலின்றித் துப்பாக்கி முனையில் இடிக்கலாமா என்பது முற்றிலும் வேறு வினா. இடிப்பை மேற்பார்வையிட்ட அஹ்மத் அல்ஃபகீ அல்மஹ்தி, தொடக்கத்தில் மக்களுடனான உறவு கெட்டுவிடும் எனக் கூறி, இடிக்க வேண்டாமென்றே கருத்துரைத்தார் எனப் பின்னர் வந்த தீர்ப்பில் பதிவாகியுள்ளது. அறிந்தே கைவைத்தார் என்பதுதான் வேதனை.

மீட்பும் கொத்தனாரும்

போர் ஓய்ந்தபின் வெளிநாட்டு வல்லுநரையும் ஒப்பந்தக்காரரையும் கொணர்ந்து விரைவாகச் சிமெண்டில் கட்டி முடித்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. 2014 மார்ச் மாதம் ஜிங்கரேபர் பள்ளிவாசலை ஒட்டிய இரண்டு அடக்கத்தலங்களில் பணி தொடங்கியது. யுனெஸ்கோவும் மாலி அரசும் பொருளும் நுட்ப அறிவும் தந்தன. கட்டியவர் திம்புக்துவின் கொத்தனார்களே. எஞ்சிநின்ற சுவரின் அடிப்பகுதிகளை அளந்தனர். பழைய நிழற்படங்களை ஒப்புநோக்கினர். அவை காட்டாதவற்றை முதியோரிடம் கேட்டறிந்தனர். வாயிலின் உயரம் எவ்வளவு, உள்ளே நுழைவோர் எவ்வளவு குனிய வேண்டியிருந்தது என்பனவற்றையெல்லாம் ஏட்டைவிட ஊராரின் நினைவன்றோ நன்கறியும்! களிமண்ணும் அருகில் கிடைக்கும் அல்ஹோர் என்னும் சுண்ணாம்புக் கல்லும் பண்டுபோலவே பயன்பட்டன.

இம்முறையால் விளைந்த பயன் கட்டடத்தோடு நிற்கவில்லை. போரினால் வேலையிழந்திருந்த கொத்தனாருக்கு ஊதியம் கிடைத்தது; இளைஞர் மூத்தோரிடம் தொழில் பயின்றனர். வெளியார் கட்டியிருப்பின், அடுத்த மழையில் பூச்சு கரையும்போது ஊரார் யாரை அழைப்பர்? அன்றியும், இடிபட்டபோது கைகட்டி நிற்க நேர்ந்தவர்கள் தம் கையாலேயே எழுப்பியதில் ஓர் ஆறுதலும் இருந்திருக்கும். அதனைக் கணக்கிலெழுத இயலாது.

2015 ஜூலைக்குள் 14 அடக்கத்தலங்களும் எழுந்தன. 2016 பிப்ரவரி 4-ஆம் நாள் கால்நடைகளை அறுத்துப் பகிர்ந்து, திருக்குர்ஆன் ஓதி, ஃபாத்திஹாவுடன் அவற்றை ஊரார் மீண்டும் ஏற்றுக்கொண்டனர். அத்தகைய சடங்கு இதற்குமுன் 11-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகக் கூறுவர்.

நீதியும் கதவும்

அல்மஹ்தி த ஹேக் நகரிலுள்ள அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்பி மன்னிப்பு வேண்டினார். 2016 செப்டம்பர் 27-இல் ஒன்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் ஈராண்டு குறைக்கப்பட்டது. பண்பாட்டுச் சின்னங்களை அழித்த குற்றம் ஒன்றிற்காகவே அந்நீதிமன்றம் நடத்திய முதல் வழக்கு இதுவே. 2017 ஆகஸ்டில் 27 லட்சம் யூரோ இழப்பீட்டுக்கு ஆணையிடப்பட்டது. அச்சின்னங்களையே நம்பிப் பிழைத்தோரையும், அங்கு அடங்கியோரின் வழித்தோன்றல்களையும் தனித்தனியே இழப்பீடு பெறத் தகுந்தோராக நீதிமன்றம் ஏற்றது. கல்லும் மண்ணும் மட்டுமன்றி மனிதரும் காயமுற்றனர் என்பதற்குச் சட்டம் தந்த ஒப்புதல் இது.

சீதி யஹ்யா பள்ளிவாசலில் காலங்காலமாக மூடியே கிடந்த கதவு ஒன்று உண்டு. உலக முடிவில்தான் அது திறக்கும் என்பது ஊராரின் நம்பிக்கை. அது மூடநம்பிக்கை எனக் காட்டவே 2012 ஜூலை 2-ஆம் நாள் அதனை உடைத்தெறிந்தனர். செப்பனிடப்பட்ட அக்கதவு, தீர்ப்பு வெளிவந்த அதே 2016 செப்டம்பரில் பழைய இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது.