கரைகாக்கும் தொண்டு

நீரில் ஆழ்வாரைக் கண்டு இரங்காதார் உளரோ? ஆயினும் இரக்கம் ஒன்றே உயிரைக் காவாது, பயிற்சியும் உடன்வேண்டும். இவ்வுண்மையை அவுஸ்திரேலியாவின் கடற்கரைத் தொண்டர் வரலாற்றிற் காண்போம்.

1938ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, சிட்னி நகரின் பொண்டாய்க் கடற்கரையிற் பேரலைகள் அடுத்தடுத்து எழுந்தன. மணற்றிட்டில் நின்று நீராடியோருள் 200க்கு மேற்பட்டோர் ஆழத்திற்கு இழுக்கப்பட்டனர். ஐவர் மாண்டனர்; ஏனையோர் மீட்கப்பட்டனர். காரணம் யாது? போட்டியொன்றிற்கெனக் கூடிநின்ற உயிர்காப்புத் தொண்டர்கள், கயிறு பூண்டு நீரிற் பாய்வாரும் கரையில் நின்று அதனை இழுப்பாருமாக, முன்னரே பயின்ற முறையில் தொழிற்பட்டமையே.

இன்று அத்தொண்டிற்குரிய வெண்கலப் பதக்கத்தைப் பெற விரும்புவோர் 400 மீற்றரை 9 நிமிடத்துள் நீந்தல் வேண்டும். 200 மீற்றர் ஓடி, 200 மீற்றர் நீந்தி, மீண்டும் 200 மீற்றர் ஓடுதலை 8 நிமிடத்துள் முடித்தலும் வேண்டும். மூச்சற்றார்க்கு உயிர்ப்பூட்டும் முறையையும் கற்பர். பின்னரே, சிவப்பும் மஞ்சளுமான கொடிகளை நாட்டி, ஊதியமின்றிக் காவல்புரிவர்.

கடலை நோக்கியறிதலும் அவர்தம் பாடமாகும். அலை உடையாது, கருமைபூண்டு அமைதியாய்த் தோன்றும் இடம் பெரும்பாலும் கடலுள் இழுக்கும் நீரோட்டமே. அதனை எதிர்த்து நீந்துவோர் களைத்து ஆழ்வர். மிதந்தவாறே கையுயர்த்தி உதவி கோருதல் நன்று.

பிறர்க்கு உதவுக என மாணவர்க்கு நாள்தோறும் உரைக்கின்றோம். உதவும் முறையை அவர்க்குப் பயிற்றினோமா? ஆசிரியராகிய நாம் இதனை எண்ணிப்பார்த்தல் தகும்.