சாடி மாற்றும் காலம்: இளம் நாற்றுமேடைக்காரருக்கு ஒரு கடிதம்

பதுளைப் பக்கத்தில் நாற்றுமேடைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையருக்கு,

சாடிக்குள் இருக்கும் மண் முழுவதையும் வேர் பிடித்து முடித்த பிறகே ஒரு செடிக்குப் புதுச் சாடி தேவைப்படுகிறது. அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் வற்றி இலை சோரும். சில சாடிகளில் நீர் மண்ணில் நில்லாமல் ஓரமாக இறங்கி, அடித்துளையால் உடனே ஓடிவிடும். புதிய இலைகள் பழையவற்றைவிடச் சிறுத்து வரும். லயத்து வாசலில் பால்மா டின்னில் வளரும் ஜெரேனியமாக இருந்தால், ஆணியால் அடித்த துளைகளில் வெள்ளை வேர் நுனிகள் தெரியும்.

ஆனால் வெளியே தெரியும் ஒன்றிரண்டு வேரை மட்டும் நம்பக்கூடாது. அடித்தண்டை இரு விரல்களுக்கு நடுவே பிடித்துச் சாடியைக் கவிழ்த்து, விளிம்பை மேசை ஓரத்தில் மெல்லத் தட்டினால் மண்கட்டி கழன்று வரும். அது உதிராமல் சாடியின் வடிவத்திலேயே வந்து, மேலெல்லாம் வேர் பாய் முடைந்ததுபோல் படர்ந்திருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. மண் பொலபொலவென்று உதிர்ந்தால் செடியைத் திரும்ப வைத்துவிடலாம். அந்தச் செடியின் சோர்வுக்குக் காரணம் பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிய தண்ணீர்தான்.

எந்த மாதத்தில் மாற்றுவது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். வெளிநாட்டுப் புத்தகங்கள் வசந்த காலம் என்று எழுதியிருக்கும். ஊவாவுக்கு வசந்தமும் இல்லை, பனிக்காலமும் இல்லை. காற்றும் மழையும்தான் இங்கே காலத்தைப் பிரிக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து ஊவாவுக்குள் இறங்கும். ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை இந்தக் கச்சான் காற்றுக் காலம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணமும் பெயரும் கிடைப்பது இந்த வறட்சியால்தான். கொழுந்துக்கு வாய்த்த இந்தக் காற்று, வேர் அறுந்த சாடிச் செடிக்கு எமன். இலை இழக்கும் நீரைக் காயம்பட்ட வேரால் ஈடுகட்ட முடியாது.

கச்சான் ஓய்ந்து ஒக்டோபர் மழை தொடங்கும்போது செடிகள் புதுத் துளிர் விடும். பதுளை, பசறை, ஹாலிஎல பக்கங்களில் சாடி மாற்ற முதல் தரமான காலம் அதுதான். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் வரும் மழை இரண்டாவது வாய்ப்பு. வடகீழ்ப் பருவமழை அடைமழையாகப் பெய்யும் டிசம்பரில் வெட்டுப்பட்ட வேர் ஈரத்திலேயே கிடந்து அழுகும். கூரையுள்ள நாற்றுமேடை இருந்தால் மட்டுமே அப்போது கைவைக்கலாம். பதுளை நகரைவிட ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில் இருக்கும் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கங்களில் குளிர் அதிகம், வேர் பிடிக்க நாள் கூடுதலாகும். அங்கே ஒக்டோபர் வேலையைத் தள்ளிப்போடாமல் முதல் மழையோடு தொடங்குவது நல்லது.

கச்சான் மாதங்களில் சும்மா இருக்க வேண்டியதில்லை. மண் தயாரிக்க அதைவிடத் தோதான காலம் இல்லை. தோட்டத்தில் கைக்கெட்டும் மண் பெரும்பாலும் பழைய தேயிலை மண். அதில் வேர் நோய்ப் பூஞ்சணமும், தேயிலை வேரைத் தாக்கும் நூற்புழுவும் இருக்கக்கூடும். இந்த நூற்புழு கண்ணுக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டங்களில் மறுநடுகைக்கு முன் குவாத்தமாலா புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை, இரண்டு வருடம் வளர்த்து நிலத்தை ஆறவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப் புல் வளர்ந்த நிலத்து மேல்மண் கிடைத்தால் சாடிக்கு அதையே எடுக்கலாம். கிடைக்காவிட்டால், மண்ணைச் சலித்து, நனைத்து, அரை அடி உயரத்துக்கு மிகாமல் பரப்பி, கண்ணாடிபோல் தெளிந்த பொலித்தீனால் மூடி, ஓரங்களில் மண் போட்டு, 4 முதல் 6 வாரம் வெயிலில் விட வேண்டும். கறுப்புப் பொலித்தீன் இதற்கு உதவாது. அதில் சூடு விரிப்பிலேயே தங்கிவிடும்.

கலவைக்கு, மேல்மண் 2 பங்கு, உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு 1 பங்கு, பருமணல் 1 பங்கு போதும். மழை நேரே விழும் இடமென்றால் மணலைக் கூட்டலாம், அல்லது கருக்கிய உமி சேர்க்கலாம். மஹியங்கனைப் பக்கம் நெல் விளைவதால் மாவட்டத்துக்குள்ளேயே உமி கிடைக்கும். உக்காத தேயிலைச் சக்கையை அப்படியே கலப்பது கூடாது. அது மண்ணுக்குள் உக்கும்போது செடிக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

புதுச் சாடி பழையதைவிட 2 அங்குலம் அகலமாக இருந்தால் போதுமானது. வேர் எட்டாத மண்ணில் நீர் தேங்குவதால், பெரிய சாடியில் வைத்த சிறு செடி அழுகும். அடியில் கல்லும் செங்கல் துண்டும் தடிப்பாகப் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது வேறு. நுண்மண்ணிலிருந்து நீர் கற்களுக்குள் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே ஈரம் தங்கி, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடும். துளைமேல் ஒரு ஓட்டுத் துண்டைக் கவிழ்த்தால் போதும். சாடிக்கடித் தட்டில் நீர் நிற்க விட்டால் நுளம்பு பெருகும்.

மாற்றுவதற்கு முதல் நாள் மாலை செடிக்கு நீர் ஊற்ற வேண்டும். மறுநாள் உருவிய மண்கட்டியின் அடியிலும் ஓரத்திலும் சுருண்டிருக்கும் வேரை விரலால் பிரிக்க வேண்டும். பிரியாவிட்டால் கூரிய கத்தியால் நெட்டாக மூன்று நான்கு இடங்களில் கீறலாம். இதில் இரக்கம் காட்டுவது செடிக்குச் செய்யும் கெடுதி. தேயிலைக் கன்றைப் பார்த்தால் இது புரியும். பொலித்தீன் உறையில் 9 முதல் 12 மாதத்தில் தயாராகும் கன்றை அதற்கு மேலும் வைத்திருந்தால் அடிவேர் சுருளும். சுருண்ட வேரோடு மலையில் நட்ட கன்று ஆழத்துக்கு வேர்விடாமல் அடுத்த வறட்சியில் காய்ந்துபோகும். அதனால்தான் நடும்போது உறையின் அடியை வெட்டி, சுருளையும் அகற்றுகிறார்கள்.

செடி பழைய மட்டத்திலேயே நிற்க வேண்டும். தண்டு புதைந்தால் கழுத்தழுகல் வரும். அந்தூரியம் மட்டும் விதிவிலக்கு. அது மேலே மேலே வளர்ந்து, இலை உதிர்ந்த வடுக்களோடு தண்டு வெறுமையாக நிற்கும். வடுக்களுக்கருகே பழுப்பு நிற வேர் முளைகள் தெரியும். அந்த முளைகள் மண்ணுக்குள் போகும்படி ஆழ வைத்தால் புது வேர் பிடிக்கும். டென்ட்ரோபியம் ஓர்க்கிட்டுக்கு மண்ணே வேண்டாம். கரித்துண்டும் செங்கல் துண்டும் போதும். புது முளையின் அடியில் வேர் புடைக்கும் வாரத்தில் மாற்றினால் அது தப்பாமல் பிடித்துக்கொள்ளும். ரோசாவுக்கு அதே நாளில் கவ்வாத்தும் செய்துவிடலாம். வேர் குறைந்தால் கிளையும் குறைய வேண்டும்.

மாற்றிய செடி இரண்டு வாரம் நிழல்வலைக்குக் கீழ், காற்றுப்படாத இடத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் அடித்துளையால் வடியும் வரை நீர். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும். வெட்டுப்பட்ட வேரை உப்பு சுடும் என்பதால் ஒரு மாதம் வரை செயற்கை உரம் வேண்டாம்.

அதுவரை செடியை விற்பனை வரிசையிலும் வைக்க வேண்டாம். வாங்கிப்போனவர் வீட்டில் அது பட்டுப்போனால், குறை தன் கைராசியில்தான் என்று அவர் நினைத்துக்கொள்வார்.