வெண்ணெய்ப் பழம்: புதிய ரகங்களும் வேர்ச்செடிகளும் ஏன் தேவை?

பெங்களூரின் தென்கிழக்குப் பகுதியில், கோரமங்கலாவை அடுத்து அமைந்துள்ளது ஈஜிபுரா. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இப்பகுதியின் பழக்கடைகளில், மழைக்காலத்தையொட்டி ‘பட்டர் ஃப்ரூட்’ எனப்படும் வெண்ணெய்ப் பழம் மலிவாகக் கிடைக்கும். பெரும்பாலும் குடகு, சிக்கமகளூர் மாவட்டங்களின் காப்பித் தோட்டங்களிலிருந்து வரும் இப்பழங்களுள் ஒன்று போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒன்று உருண்டை, மற்றொன்று நீண்ட கழுத்துடையது. ஒன்றின் சதை வெண்ணெய் போல் இருக்கும், மற்றொன்றின் சதை நீர்த்திருக்கும். அறுத்துப் பார்க்கும் வரை வாங்குவோருக்கு எதுவும் தெரியாது. இதே நகரில் தான்சானியா, கென்யா போன்ற நாடுகளிலிருந்து வரும் ‘ஹாஸ்’ ரகப் பழம், ஒரே அளவிலும் ஒரே தரத்திலும் அமைந்திருப்பதால், இதைவிடப் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது.

இந்த விலை வேறுபாட்டைக் காணும் விவசாயி, பழைய மரங்களை வெட்டிவிட்டு ஹாஸ் ஒட்டுச் செடிகளை நடலாம் என எண்ணுவது இயல்பே. ஆயினும் ஒரே ரகத்தை மட்டும் நம்புவது நிலையான தீர்வாகுமா என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

விதை மரத்தின் இயல்பு

வெண்ணெய்ப் பழ மரம் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. இலவங்கப்பட்டை மரம், கற்பூர மரம் ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் மூன்று இனங்கள் உண்டு. மெக்ஸிகோ இனம் குளிரைத் தாங்கும், எண்ணெய்ச் சத்து மிகுந்தது. குவாத்தமாலா இனத்தின் தோல் தடித்தது. மேற்கிந்திய இனம் வெப்பப் பகுதிக்கு ஏற்றது, மண்ணின் உவர்த்தன்மையை ஓரளவு தாங்கும், ஆனால் எண்ணெய்ச் சத்துக் குறைந்தது.

இம்மரத்தின் மலர் இருமுறை விரிகிறது. ‘அ’ வகை மரங்களில் முதல் நாள் காலையில் பெண் மலராகவும், மறுநாள் பிற்பகலில் ஆண் மலராகவும் விரியும். ‘ஆ’ வகை மரங்களில் முதல் நாள் பிற்பகலில் பெண் மலராகவும், மறுநாள் காலையில் ஆண் மலராகவும் விரியும். எனவே அயல் மகரந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பு மிகுதி. ஒரே மரத்தின் பழங்களிலுள்ள கொட்டைகளை நட்டாலும், வளரும் செடிகள் தாய் மரத்தை ஒத்திருப்பதில்லை. கொட்டை நட்டுப் பயிரிடும் வழக்கம் நம் மலைப்பகுதிகளில் நீண்ட காலம் நீடித்ததால், ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறு குணங்கள் கொண்ட மரங்கள் நிறைந்துள்ளன. சந்தைக்கு இது குறைபாடு. ரக ஆராய்ச்சிக்கோ இதுவே மூலதனம்.

ஹாஸ் ரகம் கற்பிக்கும் பாடம்

ஹாஸ் ரகமும் ஒரு விதை மரத்திலிருந்து தோன்றியதே. கலிபோர்னியாவின் லா ஹாப்ரா ஹைட்ஸ் என்னுமிடத்தில், தபால்காரராகப் பணிபுரிந்த ருடால்ஃப் ஹாஸ் கொட்டைகளை நட்டு, அச்செடிகளின் மேல் அந்நாளில் புகழ்பெற்றிருந்த ‘ஃபுவெர்ட்டே’ ரகத்தை ஒட்டுக்கட்ட முயன்றார். ஒரு செடியில் மட்டும் ஒட்டு பிடிக்கவில்லை. வெட்டிவிடப்படும் நிலையிலிருந்த அம்மரம் தப்பிப் பிழைத்துக் காய்த்தது. அதன் பழச் சுவையைக் கண்டு, 1935-ஆம் ஆண்டில் அந்த ரகத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலக வாணிபத்தில் மிகப் பெரும் பகுதி இந்த ஒரு மரத்தின் வழித்தோன்றல்களிலிருந்தே கிடைக்கிறது.

அத்தாய் மரம் 2002-ஆம் ஆண்டில் பட்டுப்போயிற்று. அதனை வீழ்த்தியது வேரழுகல் நோய். உலகம் போற்றும் ரகமாயினும், நிலத்தடியில் அதனைத் தாங்கும் வேர் வலிமையற்றதாயின் மரம் நிலைக்காது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. மேலும், வெப்பமான பகுதிகளில் ஹாஸ் பழங்கள் சிறுத்துவிடுகின்றன. ஓரிடத்தில் சிறந்த ரகம் எல்லா இடங்களிலும் சிறந்ததாவதில்லை.

வேர்ச்செடியின் முக்கியத்துவம்

ஒட்டுச் செடி என்பது இரு செடிகளின் இணைப்பு. மேற்பகுதி பழத்தின் தரத்தை நிர்ணயிக்கிறது. கீழ்ப்பகுதியாகிய வேர்ச்செடி, நோய், உவர், நீர்த்தேக்கம் ஆகியவற்றைத் தாங்கும் ஆற்றலைத் தருகிறது. விவசாயி பெரும்பாலும் மேற்பகுதியின் பெயரைக் கேட்டே செடியை வாங்குகிறார். வேர்ச்செடி எது என்று கேட்பவர் மிகச் சிலரே.

வெண்ணெய்ப் பழ மரத்தின் வேர்கள் மேலோட்டமானவை, காற்றோட்டத்தை மிகுதியும் நாடுபவை. வேரழுகலை உண்டாக்கும் ‘பைட்டோப்தோரா சின்னமோமி’ என்னும் நுண்ணுயிரின் வித்துக்களோ ஈரமண்ணிலுள்ள நீரில் நீந்திப் பரவக்கூடியவை. தென்மேற்குப் பருவமழை கொட்டும் குடகு போன்ற மாவட்டங்களில் இந்நோய்க்கு எல்லாச் சூழலும் உள்ளன என்பதை எளிதில் உணரலாம்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஜென்ட்மையர் என்னும் அறிஞர், நோயைத் தாங்கும் மரங்களைத் தேடி 1950-களிலிருந்து இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்குச் சென்றார். அவர் தொடங்கி வைத்த ஆராய்ச்சியின் பயனாக ‘டியூக் 7’ என்னும் வேர்ச்செடி நடைமுறைக்கு வந்தது. பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் ‘டூசா’ என்னும் வேர்ச்செடி தெரிந்தெடுக்கப்பட்டது. இஸ்ரேலில் உவர் நிலத்துக்கேற்ற மேற்கிந்திய இன வேர்ச்செடிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு நாடும் தன் மண்ணின் இடர்ப்பாட்டுக்குத் தானே விடை தேட வேண்டியிருந்தது.

காப்பியும் திராட்சையும் காட்டிய வழி

இவ்வனுபவம் நமக்குப் புதிதன்று. 1869-ஆம் ஆண்டில் இலங்கையில் காணப்பட்ட காப்பி இலைத்துரு நோய், அந்நாட்டின் காப்பித் தொழிலையே அழித்தது. தென்னிந்தியாவில் இந்நோயைத் தாங்கும் ‘கென்ட்ஸ்’ என்னும் காப்பி, மைசூர்ப் பகுதித் தோட்டமொன்றில் கண்டறியப்பட்டுப் பரவலாயிற்று. சில ஆண்டுகளில் துருநோயின் புதிய வகை தோன்றி, அதன் எதிர்ப்பாற்றலை வென்றது. பின்னர் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1940-களில் ‘எஸ். 795’ என்னும் காப்பியை வழங்கியது. நோயும் மாறுகிறது, எனவே ரகமும் மாற வேண்டும். ஒரு வெற்றியோடு ஆராய்ச்சியை நிறுத்திவிட இயலாது. இதனை வெண்ணெய்ப் பழம் வளர்ப்போருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுள் பலர் காப்பி விவசாயிகளே.

வேர்ச்செடிக்கு எடுத்துக்காட்டாகத் திராட்சையைக் கூறலாம். உவரும் வறட்சியும் மிகுந்த தக்காணப் பகுதிகளில் ‘டாக்ரிட்ஜ்’ வேர்ச்செடியின் மேல் ஒட்டுக்கட்டப்பட்ட பின்னரே பல திராட்சைத் தோட்டங்கள் நிலைபெற்றன.

நம் நாட்டின் முயற்சிகள்

பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் 1967-இல் நிறுவப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், குடகிலுள்ள செட்டள்ளியில் ஓர் ஆய்வுக் களத்தை நடத்தி வருகிறது. அங்கிருந்து ‘அர்கா சுப்ரீம்’, ‘அர்கா கூர்க் ரவி’ ஆகிய ரகங்கள் வழங்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் கீழ்ப்பழனி மலையிலுள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ‘டி.கே.டி. 1’ என்னும் ரகத்தை வெளியிட்டது. அதன் சராசரி மகசூல் மரமொன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 264 கிலோ எனக் குறிப்பிடப்படுகிறது. நம் மலைச் சூழலுக்கேற்ற ரகங்களை நாமே உருவாக்க இயலும் என்பதற்கு இவை சான்றுகள். வேர்ச்செடி ஆராய்ச்சிக்கும் இதே அளவு கவனம் தேவை.

செலவை ஏற்பவர் யார்?

இங்குப் பொருளாதார நோக்கில் ஒரு சிக்கல் எழுகிறது. கொட்டையிலிருந்து வளரும் மரம் காய்க்கவே ஐந்து முதல் எட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதன்பின் ஒட்டுக்கட்டிப் பல இடங்களில் சோதித்து ஒரு ரகத்தை வெளியிட இருபது ஆண்டுகள் கூட ஆகலாம். இக்காலச் செலவைத் தனியொரு விவசாயி ஏற்றால், பயன் அனைவருக்கும் போய்ச் சேரும், இழப்பு அவருக்கு மட்டுமே உரியதாகும். எனவே ஆராய்ச்சியைப் பொதுநிதி தாங்குவதே முறை. ஆயினும் பல்லாயிரம் விதை மரங்களை விவசாயிகளே வைத்திருப்பதால், அவர்கள் ஒத்துழைப்பின்றி இப்பணி நிறைவேறாது.

இதற்குச் சட்டமும் துணைநிற்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, விவசாயி தாம் பேணிய ரகத்தைப் பதிவு செய்து கொள்ளலாம். மர வகைகளுக்குப் பாதுகாப்பு 18 ஆண்டுகள் வரை கிடைக்கும். துமகூரு மாவட்ட விவசாயி ஒருவரின் நிலத்திலிருந்த பலா மரம், ‘சித்து’ என்னும் பெயரில் ஒட்டுச் செடிகளாகப் பெருக்கப்பட்டு, வருவாயின் பெரும்பகுதி அவருக்கே சேரும் வகையில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. வெண்ணெய்ப் பழத்திலும் இம்முறை பின்பற்றத்தக்கது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, பழைய விதை மரங்களை வெட்டுமுன், அவற்றின் மகசூல், பழத்தின் தரம், பருவம் ஆகியவற்றைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் குறித்துவைத்து, அருகிலுள்ள நிலையத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். வேரழுகலால் அண்டை மரங்கள் மடிந்தபோதும் பிழைத்து நிற்கும் மரம் தனிக் கவனத்துக்குரியது. அதுவே நாளைய வேர்ச்செடியின் தாயாகலாம்.

இரண்டாவதாக, புதிய தோட்டத்தில் ஒரே ரகத்தை நடாமல், ‘அ’, ‘ஆ’ ஆகிய இரு மலர் வகைகளையும் கலந்து நட வேண்டும். சில வரிசைகளை வெவ்வேறு வேர்ச்செடிகளின் சோதனைக்கு ஒதுக்குவது நலம்.

மூன்றாவதாக, நாற்றுப்பண்ணைகள் ஒவ்வொரு செடியிலும் ரகத்தின் பெயரோடு வேர்ச்செடியின் பெயரையும் குறிப்பிட வேண்டும்.

நான்காவதாக, அயல்நாட்டுச் செடிகளைத் தனிமைக்காப்பு விதிகளுக்கு உட்பட்டே கொணர வேண்டும். அமெரிக்காவில் காணப்பட்ட வாடல் நோய், ஒரு வண்டினத்தால் பரவி, பின்னர் ஃபுளோரிடாவின் வெண்ணெய்ப் பழத் தோட்டங்களைத் தாக்கியது. இக்குடும்பத்தின் பல மரங்களை அது வீழ்த்தவல்லது என்பதை மறத்தலாகாது.

ஈஜிபுராவின் பழக்கூடையில் காணப்படும் ஒழுங்கின்மையை வெறும் குறையாகக் கருதுதல் கூடாது. எந்தத் தோட்டத்தில், எந்த மரம் எத்தகைய பழத்தைத் தருகிறது என்று ஆராய்ந்து, சிறந்ததைப் பெருக்கி, வலிய வேரின் மேல் அமைத்துத் தருவதே இன்றைய பணி. ஹாஸ் ரகத்தின் மூலமரமும் ஒரு காலத்தில் வெட்டப்பட இருந்த பெயரற்ற மரமே. அத்தகைய மரங்கள் நம் மலைகளிலும் இருக்கக்கூடும். வெட்டியபின் அவற்றைத் தேடிப் பயனில்லை.