வலி மாத்திரையால் வளரும் தலைவலி

தலைவலியுடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர் கழுத்து எக்ஸ்ரே படம் ஒன்றையும் கொண்டுவருகின்றனர். வலி பிடரியில் தொடங்கித் தலைக்கு ஏறுவதால், கழுத்தெலும்புத் தேய்மானமே காரணம் என்று யாரேனும் கூறியிருப்பர். சிலர் கழுத்துப் பட்டையும் அணிந்திருப்பர். நடுவயதைக் கடந்தவரின் எக்ஸ்ரேயில் தேய்மானம் தென்படுவது இயல்பு. வலியே இல்லாதவரிடமும் அது தென்படும். மேல்கழுத்து நரம்புகளும் முகம், நெற்றி ஆகியவற்றின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பும் மூளையின் அடிப்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி உள்ளவருக்குக் கழுத்திலும் வலி தோன்றும்.

ஆகவே, படத்தைப் பார்க்குமுன் நான் கேட்பது ஒன்றுதான்: கடந்த மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை உண்டீர்கள்? பெரும்பாலும் உடன் வந்தவரே விடை கூறுவார். நோயர் சொல்லும் எண்ணிக்கையைவிட அது கூடுதலாகவே இருக்கும்.

பாரசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாள்களுக்கு மேலும், காஃபீன் முதலியன கலந்த கூட்டு மாத்திரைகளையும் டிரிப்டான், எர்காட் வகை மருந்துகளையும் 10 நாள்களுக்கு மேலும், 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உண்டால், அம்மருந்தே தலைவலியை நிலைநிறுத்திவிடக்கூடும். மாத்திரையின் விளைவு குறைந்ததும் வலி திரும்புகிறது. திரும்பியதும் இன்னொரு மாத்திரை. எப்போதோ வந்துகொண்டிருந்த வலி இவ்வாறு அன்றாட வலியாகிறது. மூட்டுவலிக்காக இதே மருந்துகளை உண்பவருக்கு, முன்பே தலைவலி நோய் இல்லையெனில், பொதுவாக இந்நிலை வருவதில்லை.

மருத்துவம் மாத்திரையைக் குறைப்பதில் தொடங்குகிறது. இங்குதான் பலர் தளர்ந்துவிடுகின்றனர். நிறுத்திய முதல் சில நாள்களில், சிலருக்குப் பத்து நாள் வரையிலும், வலி முன்னைவிடக் கடுமையாகும். குமட்டலும் உறக்கமின்மையும் சேரலாம். அந்நாள்களில் இல்லத்தார் இரக்கத்தால் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்; வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள், வேளைக்கு உணவும் போதிய நீரும் கொடுங்கள். கோடீன், டிரமடால், தூக்க மாத்திரை ஆகியவற்றைத் தாமாகத் திடீரென நிறுத்துதல் ஆகாது. படிப்படியாகவே குறைக்க வேண்டும். இதயத்திற்காக எழுதித் தரப்பட்ட ஆஸ்பிரினையும் நிறுத்தக் கூடாது.

தேவைப்படுவோருக்கு வலி வராமல் தடுக்கும் மருந்தும் தருகிறோம். அவற்றுள் ஒன்றான அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் பயன்படுவது. மருந்துக்கடையில் அதைக் கேட்டறிந்து, மனநோய் மருந்தென அஞ்சி உண்ணாமல் விட்டவர்களை நான் அறிவேன். தலைவலிக்கு அது குறைந்த அளவிலேயே தரப்படுகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

முடிதிருத்தும் நிலையத்தில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதை அறவே தவிர்க்கவும். கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை செல்லக்கூடும்.

நொடிகளில் உச்சத்தை எட்டும் தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வலிப்பு, பார்வை மங்கல், கருவுற்ற காலத்திலோ பிரசவத்திற்குப் பின் சில வாரங்களுக்குள்ளோ தோன்றும் கடும் தலைவலி ஆகியவற்றுக்கு உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். ஐம்பது வயதுக்குப் பின் முதன்முதலாகத் தொடங்கும் தலைவலியையும் காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும்.

மற்றவர்கள் அடுத்த முறை வரும்போது ஒரு மாத நாட்காட்டித் தாளைக் கொண்டுவரவும். வலித்த நாளுக்கு ஒரு கோடும் மாத்திரை உண்ட நாளுக்கு ஒரு வட்டமும் அதில் இட்டிருந்தால் போதும்.