திடீர்க் கோபமும் மனச்சோர்வும்

உபதேசம் கேட்டு வந்த ஒருவருக்கு, கோபம் கொள்ள வேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இதை அறியாத முஸ்லிம் வீடில்லை. ஆனால் அந்த உபதேசத்தையே நோயாளியை அடிக்கும் கோலாக்கிக் கொள்வோரும் உண்டு.

பல வாரங்களாக உறக்கமில்லை, உணவில் ருசியில்லை, தொழிலில் பிடிப்பில்லை. இப்படி ஒடுங்கிக் கிடந்தவர், குழம்பில் உப்புக் குறைந்ததென்று திடீரெனத் தட்டை வீசியெறிகிறார். நெஞ்சு படபடக்கிறது, உடல் வியர்க்கிறது. சற்று நேரத்தில் அடங்கி, வெட்கி அழுகிறார். ஈமானில் பலவீனம் என்பார் ஒருவர். ஜின்னின் வேலை என்பார் மற்றவர். மனச்சோர்வு நோயில் இத்தகைய கோபமும் வருவதுண்டு என்கின்றனர் மருத்துவர்கள். துக்கத்தைச் சொல்லிப் பழகாத ஆண்களிடம் அது கோபமாக வெடிக்கலாம்.

துக்கம் ஈமானின் குறையன்று. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போனதை சூரத்து யூசுஃப் கூறுகிறது. அவர்கள் நபியல்லவா!

மனநோயாளியைக் கட்டி வைப்பதன் விபரீதத்தை நாம் கண்டிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட வழியின்றி, 28 பேர் மாண்டனர். இவ்வாறு பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுத்துள்ளது.

கோபம் மூண்ட வேளையில் நோயாளியிடம் வாதாடாதீர்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். நிற்பவர் உட்காரவும், அப்போதும் தணியாவிடில் படுக்கவும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். தணிந்தபின் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, துக்கத்தோடு கோபத்தையும் சொல்லுங்கள். வேறு நோய்களாலும் கோபம் வரலாம்; அவற்றுக்குச் சிகிச்சை வேறு. மருந்து பலன் தரச் சில வாரங்களாகும், தாமாக நிறுத்தலாகாது. வாழ்வே வேண்டாமென்று அவர் சொன்னால் ஒருநாளும் தாமதியாதீர்கள். எங்கள் செஞ்சி வட்டாரத்தாருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. எந்த ஊராரும் 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

ஓதிப் பார்ப்பதும் துஆவும் மருந்துக்குப் பகையல்ல. ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்று அறிவித்த நபியின் உம்மத்தல்லவா நாம்!

நோயுற்ற சகோதரருக்கும் ஒரு சொல்: கோபத்திற்கு நோய் காரணமாகலாம், அதனால் அடிபட்ட மனைவியின் வலி குறைந்துவிடாது. அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள், சிகிச்சையை விடாதீர்கள். அதுவும் தவ்பாவின் ஒரு பகுதியே.

நோயுற்ற உள்ளங்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.